மாகாணசபையா, சமஷ்டியா, பொதுவாக்கெடுப்பா: திருமலையை நடுவில் வைத்துப் பார்த்தால்

இலங்கையில் மாகாணசபைத் தேர்தல் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் திருகோணமலையில் ஒரே கேள்வி மூன்று விதமாகக் கேட்கப்படுகிறது. வாக்குப் போட்டால், மாகாணசபைகளை உருவாக்கிய பதின்மூன்றாம் அரசியலமைப்புத் திருத்தத்தை ஏற்றுக்கொண்டதாகிவிடாதா என்று இளம் ஆக்கள் கேட்கிறார்கள். சமஷ்டி, அதாவது கூட்டாட்சி, என்று எழுபது வருசமாகச் சொல்லி என்ன கண்டோம் என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் சொந்தக்காரர், சர்வதேசம் வந்து பொதுவாக்கெடுப்பு வைக்காமல் ஒன்றும் சரிவராது என்று தொலைபேசியில் சொல்கிறார். மூன்று பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் எந்தக் கட்சிக்கு, எந்த நிலைப்பாட்டுக்கு ஆதரவு கொடுப்பது என்று பலர் தடுமாறி நிற்கிறார்கள்.

இந்த விவாதம் பெரும்பாலும் யாழ்ப்பாணத்தை மனதில் வைத்து நடக்கிறது. அங்கே தமிழர் பெரும்பான்மை என்பது ஒரு கேள்வியே இல்லை. எந்த ஏற்பாடு வந்தாலும் அதைத் தமிழரே நடத்துவார்கள். அதிகாரம் கூடவா குறையவா என்பது மட்டும்தான் வேறுபாடு. திருகோணமலையில் நிலைமை அப்படியல்ல. ஓர் ஏற்பாடு யாழ்ப்பாணத்துக்கு நன்மையாகவும் திருமலைக்குப் பயனற்றதாகவும் இருக்கலாம். ஆகவே மூன்று வழிகளையும் திருமலையில் வைத்தே அளந்து பார்க்கிறேன். இங்கே தாங்கும் தீர்வு வடக்கில் எங்கும் தாங்கும் என்பது என் நம்பிக்கை.

எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல் காணி. 1881 குடிசனக் கணக்கெடுப்பில் திருகோணமலை மாவட்டத்தில் சிங்களவர் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. 1946இல் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. 1981இல் மூன்றில் ஒன்று. கந்தளாய், அல்லை, முதலிக்குளம் என்று குளங்களையும் வாய்க்கால்களையும் ஒட்டி அரசு நடத்திய குடியேற்றங்கள் இல்லாமல் இந்த எண்கள் இப்படி ஏறியிருக்காது. 1977 தேர்தலுக்குள் சேருவில என்று ஒரு தனித் தொகுதியே உருவாகிவிட்டது. வந்து குடியேறிய ஏழை விவசாயி மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கும் காணி தேவைப்பட்டது. எந்தக் காணி யாருக்கு என்று தீர்மானித்த கையெழுத்து இந்த மாவட்டத்து மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய கையெழுத்தாக இருக்கவில்லை. பிரச்சினையின் வேர் அதுதான்.

இதைக் கிட்ட நின்று பார்க்க விரும்புகிறவர்கள் வடக்கே திரியாய், தென்னமரவாடிப் பக்கத்து விவசாயி ஒருவர் கூட்டத்துக்குக் கொண்டுவரும் பையைப் பார்க்கலாம். பிளாஸ்ரிக் உறைக்குள் மடிப்பு வழியே கிழியத் தொடங்கிய பேமிட், அதாவது அரச காணிக்கான அனுமதிப்பத்திரம், அப்பாவின் பெயரில். 1980களின் நடுப்பகுதியில் அந்த ஊர்கள் முழுதாக இடம்பெயர்ந்தன. திரும்பி வந்தபோது வயலில் காடு வளர்ந்திருந்தது. பற்றையை வெட்டப் போனால் நடுவில் எல்லைக்கல். ஒரு திணைக்களம் இது வனம் என்கிறது, இன்னொன்று தொல்பொருள் பிரதேசம் என்கிறது. பேமிட் சரிதான் என்று சொல்லும் அதிகாரிக்கு அந்தக் கல்லை அசைக்க அதிகாரம் இல்லை. மூவருமே கொழும்பிலுள்ள அமைச்சுகளுக்குப் பதில் சொல்பவர்கள். 2020 ஜூனில் கிழக்கின் தொல்பொருட்களுக்கென்று சனாதிபதி செயலணி ஒன்று அமைக்கப்பட்டபோது, பாதுகாப்புச் செயலாளர் தலைமை தாங்கிய அந்தக் குழுவில் தமிழர் ஒருவரும் இல்லை, முஸ்லிம் ஒருவரும் இல்லை. ஒரு தீர்வு வந்தபின் அந்த விவசாயியின் பேமிட்டுக்கு என்ன மதிப்பு இருக்கும்? எல்லாத் தீர்வுகளிடமும் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்.

இரண்டாவது, முஸ்லிம்களின் சம்மதம். 2012 கணக்கெடுப்பின்படி இந்த மாவட்டத்தில் ஏறத்தாழ 3 இலட்சத்து 80 ஆயிரம் பேர். அதில் முஸ்லிம்கள் பத்தில் நான்கு, தமிழர் பத்தில் மூன்று, சிங்களவர் கால்வாசிக்குச் சற்று மேல். 2024 பாராளுமன்றத் தேர்தலில் மாவட்டத்தின் 4 ஆசனங்களில் தமிழரசுக் கட்சிக்குக் கிடைத்தது ஒன்று. முஸ்லிம்கள் அதிகம் வாழும் கிண்ணியாவும் மூதூரும் ஒத்துக்கொள்ளாத எந்தத் தீர்வும் திருமலையில் ஒருநாளும் நிற்காது.

மூன்றாவது, கொடுத்ததைக் கொழும்பு தனியாகத் திரும்ப எடுக்க முடியுமா என்பது. நான்காவது, அந்தத் தீர்வு வரும்வரை காத்திருக்கும் காலத்தில் நிலத்தில் என்ன நடக்கும் என்பது. இந்த நான்காவதைப் பற்றி மேடைகளில் யாரும் பேசுவதில்லை. யாழ்ப்பாண நகரில் பத்து வருசம் காத்திருந்தாலும் நகரம் அங்கேயே இருக்கும். குச்சவெளியில் பத்து வருசத்தில் ஊரின் எல்லையே மாறிவிடும்.

பதின்மூன்றாம் திருத்தமும் மாகாணசபையும்

1987 ஜூலை 29இல் இந்திய-இலங்கை ஒப்பந்தம், அதே வருசம் நவம்பரில் திருத்தம். தமிழருக்கு என்று கையில் சட்டமாக இருப்பது இது ஒன்றுதான். புதிதாக யாரிடமும் எதுவும் வாங்கத் தேவையில்லை, தேர்தலை நடத்தினால் போதும். அதுதான் இதன் பெரிய பலம்.

கிழக்கு மாகாணத்தில் தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்தால் நான்கில் மூன்றுக்கு மேல். 2012 தேர்தலில் 37 ஆசனங்களில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு 11, முஸ்லிம் காங்கிரசுக்கு 7. முதலமைச்சர் பதவியை எடுங்கள், சேர்ந்து ஆட்சி அமைப்போம் என்று கூட்டமைப்பு கேட்டது. அப்போது காங்கிரஸ் அரசாங்கப் பக்கம் போனது. ஆனால் 2015இல் அதே சபையில் முஸ்லிம் காங்கிரஸ் முதலமைச்சரும் கூட்டமைப்பு அமைச்சர்களும் ஒரே மேசையில் இருந்தார்கள். போருக்குப் பின் கிழக்கில் நடந்த முக்கியமான அரசியல் நிகழ்வு அதுதான் என்பேன். அது நடந்த இடம் திருகோணமலை. தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரை ஒருவர் நம்பி நடக்கப் பழகுவதற்கு இப்போது வேறு மேடை கிடையாது.

இனி மறைந்திருக்கும் விலை. 2017 செப்டெம்பர் 30உடன் கிழக்கு மாகாணசபையின் காலம் முடிந்தது. அதன்பின் தேர்தலே இல்லை. சபையைக் கலைக்கவோ சட்டத்தை நீக்கவோ வேண்டியிருக்கவில்லை. எல்லை நிர்ணயம் முடியவில்லை என்று சொல்லித் தேர்தலைத் தள்ளிப்போட்டதே போதுமாக இருந்தது. மூன்றாவது அளவுகோலில் பதின்மூன்று தோற்றுப்போகிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆளுநரைச் சனாதிபதி நியமிக்கிறார். 2006 முதல் 2015 வரை கிழக்கின் ஆளுநராக இருந்தவர் ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி.

காணி விடயத்தில் ஆக்கள் பொதுவாக ‘பதின்மூன்றில் காணி அதிகாரம் இருக்கிறது, தரத்தான் மறுக்கிறார்கள்’ என்று சொல்வார்கள். அது பாதி உண்மை. திருத்தத்தின் இரண்டாம் பின்னிணைப்பைப் பொறுமையாக வாசித்தவர்கள் குறைவு. மாகாணத்துக்குள் அரச காணியைச் சனாதிபதி வழங்குவது மாகாணசபையின் ஆலோசனையின்படி என்று அதில் இருக்கிறது. அது நமக்குச் சாதகமான வரி. ஆனால் மாகாணங்களுக்கு இடையிலான நீர்ப்பாசனத் திட்டங்கள் மத்திக்கு உரியவை, அவற்றின் காணிகள் நாட்டின் இன விகிதாசாரப்படி பகிரப்படும் என்றும் அதே பின்னிணைப்பில் இருக்கிறது. மகாவலி கடலில் சேர்வது திருகோணமலை மாவட்டத்தில்தான். நாட்டு விகிதாசாரம் என்றால் நான்கில் மூன்று பங்கு சிங்களவருக்கு. மாகாணத்தின் குடிப்பரம்பலை மிகவும் குலைக்காமல் செய்ய வேண்டும் என்று ஒரு வரி கூடவே உண்டு. அதை நிறைவேற்ற வேண்டிய தேசியக் காணி ஆணைக்குழுவை இன்றுவரை அமைக்கவே இல்லை. 2013 செப்டெம்பரில் உயர் நீதிமன்றம் அரச காணி மத்தியிடமே இருக்கிறது என்று தீர்ப்புச் சொன்னது.

அப்படியென்றால் தேர்தலைப் பகிஷ்கரிப்பதா? பேமிட் வைத்திருக்கும் விவசாயியின் பக்கம் நின்று பாருங்கள். சபை இருந்தால் ‘ஆலோசனை கேட்கவில்லை’ என்று நீதிமன்றம் போக ஒரு சட்ட ஆள் இருக்கும். சபை இல்லாத இந்தக் காலத்தில் ஆலோசனை கேட்கப்பட வேண்டிய ஆளே இல்லை. நான்காவது அளவுகோலில், அதாவது காத்திருக்கும் காலத்தில், இது ஒன்றுதான் ஏதாவது வேலை செய்யும். தீர்வு என்று எடுத்தால் பதின்மூன்று நம்மைக் கைவிடும். வேலி என்று எடுத்தால் பயன்படும்.

சமஷ்டி

சமஷ்டி யாழ்ப்பாணத்தில் மட்டும் கருக்கொண்ட கோரிக்கை என்று பலர் நினைக்கிறார்கள். 1956 ஆகஸ்டில் தமிழரசுக் கட்சி மாநாடு கூடி சமஷ்டி அரசியலமைப்பு, தமிழுக்குச் சம அந்தஸ்து, மலையகத் தமிழருக்குக் குடியுரிமை, குடியேற்றங்களை நிறுத்துதல் என்ற நான்கு கோரிக்கைகளை வைத்தது திருகோணமலையில்தான். அந்த நான்கில் காணி இருந்ததைக் கவனியுங்கள். தமிழரசுத் தலைவர் செல்வநாயகம் பண்டாரநாயக்காவோடு செய்த 1957இன் பண்டா-செல்வா ஒப்பந்தமும், டட்லி சேனநாயக்காவோடு செய்த 1965இன் டட்லி-செல்வா ஒப்பந்தமும் காணியைத் தொட்டன. டட்லி ஒப்பந்தத்தில் வரிசையே எழுதியிருந்தார்கள்: வடக்கு கிழக்கில் காணி கொடுக்கும்போது முதலில் அந்த மாவட்டத்துக் காணியற்றவர்களுக்கு, அடுத்து வடக்கு கிழக்கில் வாழும் தமிழ் பேசும் மக்களுக்கு, அதன் பின்னரே மற்றவர்களுக்கு. இன்றும் இதைவிடத் தெளிவான காணி வரி ஒன்றை நான் காணவில்லை. ‘தமிழ் பேசும் மக்கள்’ என்பதற்குள் முஸ்லிம்களும் அடங்கினார்கள் என்பது அதன் இன்னொரு சிறப்பு.

சமஷ்டியின் பலம் மூன்றாவது அளவுகோலில் இருக்கிறது. உண்மையான சமஷ்டியில் மாநிலத்தின் அதிகாரம் அரசியல் யாப்பிலிருந்தே வருகிறது. பாராளுமன்றம் தனியே அதைப் பறிக்க முடியாது, தேர்தலை வருசக்கணக்காகத் தள்ளிப்போட முடியாது. சட்டத் தடையும் இல்லை. சமஷ்டி கேட்பது பிரிவினை கேட்பதாகாது என்று 2017 ஆகஸ்டில் உயர் நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது. 2002 டிசெம்பரில் ஒஸ்லோவில் அரசாங்கமும் புலிகளும் உள்ளக சுயநிர்ணய அடிப்படையில் சமஷ்டிக் கட்டமைப்பை ஆராய இணங்கியதும் பதிவில் இருக்கிறது.

விலை என்ன? யாப்பின் 2ஆம் உறுப்புரை இலங்கையை ஒற்றையாட்சி அரசு என்கிறது. அதை மாற்ற 225 பேர் கொண்ட பாராளுமன்றத்தில் 150 வாக்கு வேண்டும். அதோடு முழு நாட்டு மக்களின் வாக்கெடுப்பிலும் வெல்ல வேண்டும். அதாவது சமஷ்டி வேண்டுமென்றால் அம்பாந்தோட்டையும் அநுராதபுரமும் ‘ஆம்’ என்று சொல்ல வேண்டும். அதற்கு எத்தனை தேர்தல் காலம் எடுக்கும் என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. 2024 நவம்பரில் 159 ஆசனங்கள் வென்ற தேசிய மக்கள் சக்திக்கு அந்த 150 தனியாகவே இருக்கிறது. அதன் மையத்தில் இருக்கும் ஜே.வி.பி.தான் அதுவரை ஒரே மாகாணமாக இணைந்திருந்த வடக்கு கிழக்கைப் பிரிக்க 2006இல் நீதிமன்றம் போன கட்சி.

இன்னொரு விலையும் உண்டு. சமஷ்டி வந்தாலும் துறைமுகம், பாதுகாப்பு, வெளியுறவு ஆகியவை மத்தியிடமே இருக்கும். திருமலையில் இவை நிலத்தோடு ஒட்டியவை. சீனக்குடாவின் எண்ணெய்த் தாங்கிகள் 99. 2022 ஜனவரி உடன்படிக்கைப்படி அவற்றில் 14 இந்தியன் எண்ணெய்க் கம்பனியின் இலங்கைக் கிளையிடம், 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடம், 61 இரண்டும் சேர்ந்த நிறுவனத்திடம். சம்பூர் மக்கள் 2006இல் விரட்டப்பட்டு, அனல் மின் நிலையத்துக்கும் உயர் பாதுகாப்பு வலயத்துக்கும் நிலத்தைப் பறிகொடுத்து, 2015 முதல்தான் திரும்பினார்கள். சமஷ்டி யாப்பில் ‘தேசிய முக்கியத்துவம் வாய்ந்த திட்டம்’ என்று ஒரு வரி விடப்பட்டால், மாநில அரசு பார்த்துக்கொண்டிருக்கவே இன்னொரு சம்பூர் நடக்கும். ஆகவே சமஷ்டி என்று சொல்லும் ஒவ்வொரு கட்சியிடமும் காணிப் பிரிவில் என்ன எழுதப் போகிறீர்கள் என்று கேட்க வேண்டும். பின்லாந்தின் ஓலந்துத் தீவுகளில், 1921இல் ஐ.நா.வுக்கு முன்னிருந்த சர்வதேச சங்கம் தீர்த்துவைத்த ஏற்பாட்டைத் தொடர்ந்து, அந்தப் பிரதேச உரிமை உள்ளவர்களுக்கே நிலம் வாங்கத் தடையற்ற உரிமை உண்டு. அப்படி ஒரு பூட்டு இல்லாத சமஷ்டி திருமலைக்கு அரைச் சமஷ்டிதான்.

பொதுவாக்கெடுப்பு

1985 திம்புப் பேச்சுவார்த்தையில் கலந்துகொண்ட எல்லாத் தமிழ் அமைப்புகளும் ஒரே குரலில் வைத்த கோட்பாடுகளில் சுயநிர்ணய உரிமை ஒன்று. ஒரு மக்கள் தம் எதிர்காலத்தைத் தாமே தீர்மானிப்பது என்றால் அதை அவர்களிடமே கேட்க வேண்டும். கொள்கையாக இதைவிட நேர்மையான வழி இல்லை. கிழக்குத் திமோரில் 1999இல் ஐ.நா. நடத்திய வாக்கெடுப்பில் நூற்றுக்கு 78 பேருக்கு மேல் சுதந்திரத்தைத் தெரிவுசெய்தார்கள். வெளிநாடுகளில் இருந்தவர்களும் வாக்களித்தார்கள். அது நடந்தது, இந்தோனேசியா சம்மதித்ததால்.

சம்மதம் இல்லாத இடத்தில் நடந்ததற்குக் குர்திஸ்தானைப் பாருங்கள். 2017 செப்டெம்பர் 25இல் ஈராக்கியக் குர்துகள் வாக்கெடுப்பு வைத்தார்கள். நூற்றுக்கு 92 பேருக்கு மேல் ஆம் என்றார்கள். மூன்று வாரத்தில் ஈராக்கியப் படை கிர்குக்குக்குள் போனது. நகரமும் எண்ணெய் வயல்களும் குர்துகளின் கையை விட்டுப் போயின. கிர்குக் என்றால் குர்தும் அரபியும் துர்க்மேனும் கலந்து வாழும் ஊர், எண்ணெய் உள்ள ஊர், ஆட்சியாளர் குடியேற்றத்தால் பரம்பலை மாற்றிய ஊர். அதன் எதிர்காலத்தை மக்கள் வாக்கால் 2007 டிசெம்பர் 31க்குள் தீர்ப்போம் என்று ஈராக்கிய யாப்பில் எழுதியிருந்தார்கள், நடக்கவில்லை. கிழக்கு மக்கள் வடக்கோடு சேர்ந்திருப்பதா என்று 1988 டிசெம்பர் 31க்குள் வாக்கெடுப்பு வைப்போம் என்று இந்திய-இலங்கை ஒப்பந்தமும் சொன்னது. வருசா வருசம் தள்ளிப்போட்டார்கள், நடக்கவே இல்லை. கிர்குக்கைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் எனக்குத் திருமலைதான் ஞாபகத்துக்கு வருகிறது.

இங்கே இதன் பெரிய விலை, எந்த எல்லைக்குள் வாக்கை எண்ணுவது என்பதுதான். வடக்கு கிழக்கை ஒன்றாக எண்ணினால் ஒரு முடிவு, மாவட்டம் மாவட்டமாக எண்ணினால் வேறு முடிவு. மாவட்டமாக எண்ணினால் திருமலை தனியே விடப்படலாம். அந்தத் தீர்ப்பு வாக்கெடுப்புக்கு முன்பே எல்லை கீறுபவரின் கையில் இருக்கும். மற்றது, 1983 ஆகஸ்டில் வந்த ஆறாம் திருத்தம் தனிநாட்டுக்கு ஆதரவு காட்டுவதையே குற்றமாக்கியது. சொத்தும் குடியியல் உரிமைகளும் பறிபோகலாம். ஒரு பக்கம் வாய் திறக்க முடியாத வாக்கெடுப்பை நீதியான வாக்கெடுப்பு என்று சொல்ல முடியாது. வெளிநாட்டில் இருப்பவர் அந்தக் கோரிக்கையைச் சுதந்திரமாக முழங்கலாம். அதற்கான விலையை உப்புவெளியிலும் சம்பூரிலும் இருப்பவர் கொடுக்க நேரலாம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. கோரிக்கையை வெளியில் இருப்பவர்கள் சுமக்கட்டும். இங்கே இருப்பவர்களிடம் அதைச் சொல்லிக் காட்டு என்று கேட்காமல் இருந்தால் நல்லது.

இது எப்போது சரியான தெரிவு? புதிய யாப்பு என்ற பெயரில் மாகாணசபையையும் எடுத்துவிட்டு, சமஷ்டிக்கும் இடமில்லை என்று கொழும்பு கதவைச் சாத்தினால். அன்றைக்கு உள்ளக வழி முடிந்துவிட்டது என்று உலகத்திடம் சொல்ல நமக்கு முழு உரிமை இருக்கும்.

இணைப்பு: மூன்று வழியிலும் வந்து நிற்கும் கேள்வி

வடக்கும் கிழக்கும் சேர்ந்திருந்தபோது, 1988 முதல் 1990 வரை, அந்தச் சபை இருந்தது திருகோணமலையில். 2006 அக்டோபரில் நீதிமன்றம் அந்த இணைப்பைச் செல்லாது என்றது, செய்த முறை பிழை என்பதால். பாராளுமன்றம் சட்டம் போட்டு அடுத்தடுத்த மாகாணங்களை இணைக்கலாம் என்ற உறுப்புரை இன்றும் யாப்பில் இருக்கிறது.

முஸ்லிம்களின் அச்சத்தை நாம் நேராகப் பார்க்க வேண்டும். கிழக்கில் மூன்றில் ஒன்றுக்கு மேல் இருப்பவர்கள், இணைந்த மாகாணத்தில் நான்கில் ஒன்றுக்கும் குறைவாகிவிடுவார்கள். 1990 அக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதை அவர்கள் மறக்கவில்லை, மறக்கச் சொல்ல நமக்கு உரிமையும் இல்லை. சிங்களப் பெரும்பான்மையிடம் நாம் கேட்கும் அதே உத்தரவாதத்தை அவர்கள் நம்மிடம் கேட்கிறார்கள்.

இத்தாலியின் தென் திரோலில் இது தீர்ந்த விதம் நமக்குப் பாடமாகலாம். 1948இல் ஜெர்மன் பேசுபவர்களின் மாகாணத்தை இத்தாலியர் கூடுதலான பக்கத்து மாகாணத்தோடு சேர்த்து ஒரே பிராந்தியமாக்கினார்கள். அதற்குள் அவர்கள் சிறுபான்மை ஆனார்கள். பல வருசப் போராட்டத்துக்குப் பின் 1972இல் பிராந்தியத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அதிகாரத்தின் பெரும்பகுதியைக் கீழே இரு மாகாணங்களுக்கும் இறக்கினார்கள். வடக்கு கிழக்கு இணைப்பிலும் அப்படி எழுதலாம்: மேலே ஒரே மாநிலம், காணி, கல்வி, உள்ளூர்ப் பொலிஸ் போன்றவை கீழே, முஸ்லிம்கள் தம் இடங்களைத் தாமே ஆளும் அலகுகளிடம். அப்படி எழுதத் தமிழ்த் தலைவர்கள் தயாரா என்பதில்தான் திருமலையின் சமஷ்டி தங்கியிருக்கிறது.

நான் எடுக்கும் முடிவு

தேர்தல் வந்தால் வாக்களிப்பேன். பதின்மூன்று தீர்வல்ல என்று எழுத்தில் சொல்லும், சமஷ்டியை இலக்காக வைத்திருக்கும் தமிழ்ப் பட்டியலுக்கு வாக்களிப்பேன். பொதுவாக்கெடுப்பு உரிமையை விட்டுக்கொடுக்க மாட்டேன். அதற்கு நாள் குறிக்கவும் மாட்டேன். வடக்கில் இருப்பவர் ஒருவர் பகிஷ்கரிப்பைத் தெரிவுசெய்தால் அதை என்னால் விளங்கிக்கொள்ள முடியும். இங்கே வெறுமையாக விட்ட ஆசனம் வெறுமையாக இருக்காது.

வாக்குக் கேட்டு வருபவர்களிடம் நான் கேட்கப்போவது ஒரு உடன்பாடு. தேர்தலுக்கு முன், தமிழ், முஸ்லிம் கட்சிகள் கையெழுத்திட்டு வெளியிட வேண்டியது. முதலமைச்சர் பதவி காலப் பங்கீட்டில். மூதூர், தோப்பூர், சம்பூர் எல்லைத் தகராறுகளை இரு தரப்பும் சேர்ந்த குழு பார்க்க வேண்டும். சபை கூடும் முதல் அமர்விலேயே, அரச காணி கொடுக்கும்போது அந்தந்த மாவட்டத்துக் காணியற்றவர்களுக்கு முதலிடம் என்ற தீர்மானத்தை ஆலோசனையாகச் சனாதிபதிக்கு அனுப்ப வேண்டும். கந்தளாயிலும் சேருவிலவிலும் பிறந்து வளர்ந்து காணியில்லாமல் இருக்கும் சிங்களக் குடும்பத்தின் பெயரும் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும்.